ரெண்டு தண்ணி வீடு

தாரிகா மறுபடியும் வெங்காயச் சாக்குகளுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள்.

விறாந்தையில் குந்தியிருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்த பிரகலாதன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையுமில்லை. முதலில் சாக்கு ஆடும். பிறகு மூச்சைப் பிடிக்கிற சத்தம் கேட்கும், அதற்குப் பிறகு ஒரு முனகல். இரண்டு வயது முடிந்து கொஞ்ச நாள்தான் ஆன பிள்ளை, கால் இரண்டையும் பின்னிக்கொண்டு, குதிக்காலை உயர்த்தி, சாக்கை இறுக்கிப் பிடித்தபடி நிற்பாள். முகம் பழுத்த மிளகாய் மாதிரிச் சிவக்கும். கண்ணில் நீர் முட்டும். பிறகு எல்லாம் அடங்கிவிடும். ஒன்றும் வராது.

"முக்கு குஞ்சு, முக்கு! என்ரை ராசாத்தியெல்லே, இன்னும் ஒருக்கா!"

வெங்காயம் கட்டக் கூலிக்கு வந்திருந்த பெண்கள் இரண்டு பேரும் கையில் எடுத்த வெங்காயத் தாளை அப்படியே பிடித்துக்கொண்டு அவனோடு சேர்ந்து முக்கினார்கள். பாவம், பிள்ளை வளர்த்த மனுசிகள், மனம் கேட்கவில்லை. பங்குனி வெயில் கூரைத் தகரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பெட்டைப்பிள்ளைக்காக மூன்று பெரிய ஆட்கள் மூச்சைப் பிடித்து முக்குகிற கூத்தை வீதியால் போன எவராவது கண்டிருந்தால் அந்த வீட்டுக்கு என்ன பட்டம் வைத்திருப்பார்களோ தெரியாது.

சாக்கு ஆடுவது நின்றது. தாரிகா வெளியே வந்து தகப்பனின் முதுகில் முகத்தை வைத்து அழுதாள். அவளுடைய வயிறு அவன் முதுகில் பட்டது. காற்றடித்த பந்து மாதிரி இறுகிக் கிடந்தது. தண்ணீர் இறைக்கிற மிசின் நின்றால் கழற்றிப் பூட்டப் பிரகலாதனுக்குத் தெரியும். வெங்காயத்தில் நோய் விழுந்தால் எந்த நேரம் மருந்தடிப்பது என்று தெரியும். இந்தச் சின்ன வயிற்றை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் அவனுடைய தமக்கை மகாதேவி குனிந்து வந்தாள். பக்கத்து வளவில் தனியே இருக்கிறவள். புருஷன் போனபிறகு அவளுக்கு உலகத்தில் இரண்டு சொத்து: ஒன்று கொட்டிலில் நின்ற சிவலைப் பசு, மற்றது தம்பியின் பிள்ளை. ஒன்றில் கறந்து மற்றதுக்குக் கொடுப்பதே அவளுக்குச் சீவியம். இப்போதும் கையில் ஒரு பெரிய கோப்பை நிறையப் பால்.

"என்னடா தம்பி, வெளிக்கு இருந்தவளே?"

"இல்லையக்கா."

"வயித்திலை ஏதும் இருந்தாலெல்லோ வாறதுக்கு! பாக்க வாடின கத்தரிச்செடி மாதிரிக் கிடக்கிறாள். வா குஞ்சு, மாமியின்ரை பாலைக் குடி."

தாரிகா அழுகையை நிறுத்திக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல் குடித்தாள். பசியில் குடிக்கிற பிள்ளை அப்படிக் குடிக்காது, தாகத்தில்தான் குடிக்கும். ஆனால் அந்த வீட்டில் அதைக் கவனிக்க ஒருவருக்கும் புத்தி வரவில்லை. தாய், தகப்பன், மாமி மூன்று பேருமே பிள்ளையில் உயிரை வைத்திருந்தார்கள், அந்த அவதியில் கண் தெரியவில்லை.

இந்த வீட்டுத் தண்ணீர்க் கதையை இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது ஒன்றும் விளங்காது.

கீரிமலை வீதிக்கு உள்ளே, இராணுவம் விட்டுப்போன காணிகளில் ஒன்று அது. பிரகலாதன் கைக்குழந்தையாக அந்த மண்ணை விட்டுப் போனவன், மீசை முளைத்துக் கலியாணப் பேச்சுக்கால் நடக்கிற வயதில்தான் திரும்பி வந்தான். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. கிணறு மட்டும் கல்லும் குப்பையும் நிறைந்து அப்படியே கிடந்தது. ஆள் பிடித்து இறைத்துத் துப்புரவாக்கி, ஊற்றுக் கண் திறந்து தண்ணீர் ஏறினபோது அவன் கிணற்றுக் கட்டில் இருந்து அழுதானாம். அழத்தான் வேண்டும். மல்லாகத்தில் வாடகை வீட்டில் கிடந்து கண்ணை மூடின தகப்பன் கடைசியாகக் கேட்டது அந்தக் கிணற்றில் ஒரு மிடறு. அன்றிலிருந்து அவன் ஒரு செப்புச் செம்பு வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் குடிப்பதில்லை.

அவனுடைய மனுசி நிரோஜா அச்சுவேலிக்காரி. கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. தன் தமக்கை வீட்டுக் கிணற்றில் ஒருகாலம் கழிவு எண்ணெய்ப் படை மிதந்ததைக் கண்ணால் கண்டவள். தாரிகா வயிற்றில் இருந்த காலத்தில் கிளினிக்கில், தோட்டக் கிணற்றுத் தண்ணீரைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று வகுப்பு வைத்துச் சொன்னதையும் கேட்டவள். குளிக்க, துவைக்க, கிணற்றிலிருந்து தாங்கிக்கு மோட்டாரால் ஏற்றுகிற தண்ணீரைப் பாவிப்பாள். குடிக்க மட்டும், வேலை முடிந்து வருகிறபோது ஸ்கூட்டியின் முன்னால் வடிகட்டின தண்ணீர் நிரப்பின நீலக் கலன் ஒன்றை வைத்துக்கொண்டு வருவாள். கிணற்றுக் கட்டுக்குக் கிட்டவும் போகமாட்டாள்.

ஆக, குசினிக்குள் ஒரு பக்கம் நீலக் கலன், மறுபக்கம் செப்புச் செம்பு. சோறு ஒரே பானையில் தின்று, ஒரே பாயில் படுத்து, தண்ணீரில் மட்டும் பிரிந்துபோன வீடு.

அதிலே சண்டை இல்லாத நாளும் இல்லை. ஒருநாள் தாரிகா தகப்பனின் செம்புக்குள் கையை விட்டு நக்கினாள். நிரோஜா ஓடிவந்து கையைத் தட்டி, "சீ! நஞ்சடி உது!" என்றாள். பிரகலாதனுக்குச் சுறுக்கென்றது. தன் தகப்பனை ஆரோ காலால் உதைத்தது போல இருந்தது. அடுத்த நாள் மனுசி கலன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தபோது, பிள்ளைக்கு முன்னாலேயே, "சீ! பிளாஸ்ரிக் மணக்குது, உதை ஆர் குடிப்பான்!" என்று முற்றத்தில் ஊற்றினான். இப்படி இரண்டு பேரும் மாறி மாறி. பகிடி போலத் தொடங்கிப் பழக்கமாகிப் போய்விட்டது.

சரி, இனிக் கதைக்கு வருவோம்.

அன்று மத்தியானம் மகாதேவிக்குப் பொறுமை எல்லை கடந்துவிட்டது. வெற்றிலைக் காம்பு ஒன்றை ஆமணக்கெண்ணெயில் தோய்த்துக்கொண்டு வந்தாள்.

"நான் உன்னை உப்பிடித்தானே இருக்க வைச்சனான். நீ செத்தா போனாய்? பிடி காலை."

பிரகலாதன் பிடித்தான். பிடித்த கை வாழ்நாளுக்கும் அதை மறக்காது. பிள்ளை போட்ட கூக்குரலில் பசு கயிற்றை இழுத்துக்கொண்டு எழும்பியது. வந்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆட்டுப் புழுக்கை மாதிரிக் கல்லுக் கல்லாகக் கொஞ்சம், அதிலே ஒரு சொட்டு இரத்தமும். மகாதேவி அதைப் பார்த்து, "சீச்சீ, என்ன நாத்தம்!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு துடைத்தாள். தாரிகா அழுகைக்கு நடுவே மாமியின் முகத்தையும் தகப்பனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதோடு வினை முற்றிப்போனது. அதற்குப் பிறகு குளியலறைப் பக்கம் தூக்கிக்கொண்டு போனாலே கத்தத் தொடங்கிவிட்டாள். பிள்ளையை வெளிக்கு இருத்துகிற மஞ்சள் பிளாஸ்ரிக் சட்டியை மூலையில் கண்டாலும் ஓட்டம். மாமியைக் கண்டாலும் ஓட்டம். மகாதேவி தன் வளவுக்குப் போய் அழுதுவிட்டு, பாலை மட்டும் வேலிப் பொட்டால் நீட்டினாள்.

பின்னேரம் நிரோஜா வேலையால் வந்து, பிள்ளையின் உள்ளாடையில் இரத்தக் கறையைக் கண்டாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் பிரகலாதன் பயப்பட்டிருக்க மாட்டான்.

"போன கிழமை டொக்டர் என்ன சொன்னவர்? பாணி மருந்து தந்து, இதுக்கும் சரிவராட்டி வாட்டிலை வைச்சுக் குழாயாலை எடுக்கவேணும் எண்டவரோ இல்லையோ?"

"சொன்னவர்தான்."

"அதுக்குள்ளை நீங்கள் ரெண்டு பேரும் வீட்டிலை வைத்தியம் பாத்திருக்கிறியள்."

"அக்கா நல்லதுக்குத்தான் நிரோ..."

"எல்லாரும் நல்லதுக்குத்தான். நாளைக்குக் கிளினிக் மிஸி வாறன் எண்டவா, வந்து பாக்கட்டும். அதுக்கும் சரிவரேல்லையெண்டால் நான் பிள்ளையைக் கொண்டு அச்சுவேலிக்குப் போறன். நீங்களும் உங்கடை கிணறும் இருங்கோ."

"கிணறு என்ன செய்தது உமக்கு? அவள் உந்தக் கிணத்துத் தண்ணியை ஒரு சொட்டுக் குடிச்சவளே?"

"நான் குடிக்க விட்டால்தானே."

பிரகலாதன் தோட்டத்துக்கு இறங்கிப்போனான். காணி கிடைத்து, கிணறு கிடைத்து, பிள்ளை கிடைத்து, இனி வாழ்க்கையில் ஒரு குறையுமில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன் அவன். பிள்ளையும் தாயும் இல்லாத அந்த வீட்டை நினைத்துப் பார்த்தான். நினைக்கவே பயமாக இருந்தது.

அடுத்த நாள் மார்கிரட் மிஸி வந்தபோது சோற்றுக்கு உலை வைத்திருந்தது. லீவு போட்டுவிட்டு நின்ற நிரோஜா வெற்றிலைக் காம்புக் கதையை வாசலிலேயே சொல்லிவிட்டாள். மிஸி குடும்பநல மாது, வீடு வீடாகப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்க்கிறவள். கொழும்புத்துறையில் பிறந்து வளர்ந்தவள். கடற்காற்றுக்கு மேலால் கதைத்துப் பழகின குரல், குசினிக்குள் இருந்து கதைத்தாலும் வீதியில் கேட்கும். தலைக்கவசத்தைக் கழற்றி வெங்காயச் சாக்கில் வைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தொடவில்லை, கிட்டப் போகவும் இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தாரிகா சாக்குக்குப் பின்னால் போனாள். சாக்கு ஆடியது.

பிரகலாதன் வழக்கம்போல, "முக்கு குஞ்சு..." என்று தொடங்க, மிஸி கையை உயர்த்தினாள்.

"நில்லுங்கோ தம்பி. அவள் முக்கிறாள் எண்டு ஆர் சொன்னது?"

"முகத்தைப் பாருங்கோ மிஸி, எவ்வளவு..."

"காலைப் பாருங்கோ. பின்னிக்கொண்டு, நுனிக்காலிலை நிக்கிறாள். வெளிக்கு விடுறதுக்கு ஆரும் உப்பிடி நிப்பினமோ? உவள் அடக்கிறாள். முந்தி ஒருநாள் நொந்திருக்கு. இனியும் நோகும் எண்ட பயத்திலை உள்ளுக்கை பிடிச்சு வைச்சிருக்கிறாள். பிடிக்கப் பிடிக்கக் காயும், காயக் காய நோகும். நீங்கள் பக்கத்திலை நிண்டு கூத்துப் போடுறியள்."

வேலிப் பொட்டில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த மகாதேவி மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள். மிஸி கண்டுவிட்டாள்.

"அக்கா, வாங்கோ இஞ்சாலை. காம்பு வைச்ச ஆள் நீங்கள்தானே? இனி அந்த வேலை வேண்டாம். சரி, பிள்ளை என்ன சாப்பிடுறா?"

"எங்கை மிஸி சாப்பிடுறாள்!" என்றாள் மகாதேவி, தன் நியாயத்தைச் சொல்லக் கிடைத்த உற்சாகத்தில். "சோறு ரெண்டு வாய். மற்றபடி பிஸ்கற். நல்லகாலத்துக்கு என்ரை பசு நிக்குது. விடியக் கோப்பை, பத்து மணிக்குக் கோப்பை, மத்தியானம், பின்னேரம், படுக்கேக்கை. பாலாலைதான் பிள்ளை உயிரோடை நிக்கிறாள்."

"பாலாலைதான் சோறு தின்னாமல் நிக்கிறாள்," என்றாள் மிஸி. "சரி, தண்ணி?"

நிரோஜா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அது... இவர் குடுக்கிறவர்தானே பகலிலை," என்றாள் நிரோஜா.

"நானோ? நீர் என்னைக் குடுக்க விட்டனீரோ? நீர் கலனிலை குடுக்கிறீர் எண்டுதானே நான்..."

"நான் வேலைக்குப் போயிடுறன். மச்சாள் குடுப்பா எண்டு..."

"நான் பாலெல்லோ குடுக்கிறன்!" என்றாள் மகாதேவி.

மிஸி ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. "தங்கச்சி, ஒரு கோப்பையிலை தண்ணி கொண்டுவாங்கோ பாப்பம்."

நிரோஜா நீலக் கலனில் இருந்து சாய்த்து, பிள்ளையின் முயல் படம் போட்ட கோப்பையில் கொண்டுவந்து நீட்டினாள். தாரிகா கோப்பையைப் பார்த்தாள். திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு, "சீ!" என்றாள்.

அச்சொட்டாகப் பிரகலாதனின் மூக்கு. பிரகலாதனின் "சீ". நிரோஜாவின் முகம் கறுத்தது.

பிரகலாதனுக்கு ஒரு பக்கம் வெட்கமாகவும், மறுபக்கம் — இதை மறைப்பானேன் — உள்ளுக்குள் ஒரு பெருமையாகவும் இருந்தது. என்ரை பிள்ளையெல்லோ! அவன் எழும்பிப் போய்ச் செப்புச் செம்பைக் கொண்டுவந்தான்.

"இஞ்சை குஞ்சு, அப்பான்ரை தண்ணி. அப்பப்பான்ரை கிணத்துத் தண்ணி."

தாரிகா செம்பைப் பார்த்தாள். திரும்பித் தாயைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சீ! நஞ்சு!"

மகாதேவி வாயைப் பொத்திக்கொண்டாள். மார்கிரட் மிஸிக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது தாயும் தகப்பனும் சிரிக்கவில்லை. நிரோஜா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரகலாதனின் கையில் செம்பு சரிந்து தண்ணீர் விறாந்தையில் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியளே?" என்றாள் மிஸி, இப்போது மெதுவாக. "உவள் உங்கள் ரெண்டு பேரையும் நம்புறாள். அம்மா சொன்னாலும் சரி, அப்பா சொன்னாலும் சரி. அதுதான் பிழைச்சுப்போச்சு. ஒரு சொட்டுத் தண்ணி இல்லாமல், தாகத்துக்கும் பாலைக் குடிச்சுக்கொண்டு, பாவம், உந்தப் பிள்ளை உங்கள் ரெண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாய் நடந்திருக்கிறாள்."

நிரோஜா குந்திப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிரகலாதனும் அழுதிருப்பான், கூலிக்கு வந்த பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றதால் மூக்கை உறிஞ்சியதோடு நிறுத்தினான்.

மிஸி அழ விட்டுவிட்டு, பிறகு அலுவலுக்கு வந்தாள். பாலைக் காலையும் இரவும் ஒவ்வொரு சின்னக் கோப்பையோடு நிற்பாட்ட வேண்டும். பப்பாசிப்பழம், வாழைப்பழம், பருப்போடு கீரை கடைந்து குழைத்த சோறு, குரக்கன் புட்டு, எது என்றாலும் வீட்டில் ஆக்குகிறதுதான். டொக்டர் தந்த பாணியை விடாமல் அவர் சொன்ன அளவில் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு எழும்பினதும் சட்டியில் இருத்திக் காலுக்குக் கீழே ஒரு பலகை வைத்துப் பழக்கலாம். அழுதால் விட்டுவிட வேண்டும், காலைப் பிடிக்கிற கதை வேண்டாம். திரும்ப இரத்தம் கண்டாலோ, வயிறு வீங்கிச் சத்தி எடுத்தாலோ ஆசுப்பத்திரிக்கு ஓட வேண்டும்.

"இன்னொண்டு. இண்டையிலையிருந்து இந்த வீட்டிலை 'சீ' எண்ட சொல்லு இல்லை. தண்ணிக்கும் இல்லை, அவளின்ரை பீக்கும் இல்லை. நீங்கள் மூக்கைப் பொத்தினால், தன்ரை வயித்திலையிருந்து ஏதோ கெட்ட சாமான் வருது எண்டு அது அடக்கும். விளங்குதே அக்கா?"

"விளங்குது," என்றாள் மகாதேவி, பால் வெட்டின கோபத்தை அடக்கிக்கொண்டு.

"தண்ணி ஒரே தண்ணியாய் இருக்கவேணும். அப்பாவும் அம்மாவும் அவளுக்கு முன்னாலை, ஒரே தண்ணியை, ருசிச்சுக் குடியுங்கோ."

"கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சு..." என்று பிரகலாதன் தொடங்கினான்.

"கொதிக்க வைச்சால் கிருமி சாகும். நீங்கள் வெங்காயத்துக்குப் போடுற யூரியா சாகாது தம்பி. செம்மண்ணாலை இறங்கி, கீழை கல்லு வெடிப்பாலை நேரை கிணத்துக்குத்தான் போகுது. உங்கடை மட்டுமில்லை, சுத்திவரத் தோட்டம். பெரிய ஆக்கள் உங்களுக்கு உடம்பு தாங்கலாம். இவளுக்கு வேண்டாம்."

"பரம்பரையாய்க் குடிச்ச தண்ணி மிஸி!"

"உங்கடை பரம்பரை யூரியா போட்டதோ?"

மிஸி தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, அடுத்த கிழமை வாறன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பிரகலாதன் தோட்டத்துக்குப் போய் மிசினை இழுத்து விட்டான். வெங்காயம் கிண்டி எடுக்காமல் மிச்சம் கிடந்த பாத்திகளுக்குத் தண்ணீர் ஓடியது. மண்வெட்டியால் வாய்க்காலை மாற்றி மாற்றி விட்டுக்கொண்டு நின்றான். வரம்போரமாக வெறும் யூரியாச் சாக்கு ஒன்று கிடந்தது. அதைத் தானே வெட்டி, யூரியாவைத் தானே வீசினவன். தகப்பனின் கிணறு, தகப்பனின் கிணறு என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு, அந்தக் கிணற்றுக்குள் தன் கையாலேயே ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறான். மிஸியிலும் கோபம் வந்தது, நிரோஜாவிலும் வந்தது, கடைசியில் தன்னிலேதான் வந்து நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. செம்பு பக்கத்தில் இருந்தும் அவன் குடிக்கவில்லை.

பொழுதுபடுகிற நேரம் வீட்டுக்கு வந்தான். கை கால் கழுவிக்கொண்டு நேரே குசினிக்குள் போய்ச் செப்புச் செம்பைப் புளி போட்டு மினுக்கினான். நீலக் கலனைச் சரித்துச் செம்பை நிரப்பினான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த நிரோஜாவின் கை அப்படியே நின்றது.

அவன் விறாந்தையில் பிள்ளைக்கு எதிரே சப்பாணி கட்டி இருந்தான். செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தான். உண்மையைச் சொன்னால் அவனுக்கு அந்தத் தண்ணீர் சப்பென்றுதான் இருந்தது. ஊர்க் கிணற்றின் உவர்ப்பு இல்லாமல், நாக்கில் பட்டதும் தெரியாமல் போனது.

"ஆஆ!" என்றான். "என்ன தண்ணி! தேன்!"

தாரிகா அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். நிரோஜா ஓடிவந்து செம்பை வாங்கித் தானும் குடித்து, "ஆஆ!" என்றாள். பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழும்பி வெங்காயச் சாக்குப் பக்கம் போய்விட்டாள். அவ்வளவு லேசில் நம்பிவிடுகிற பிள்ளையா அது!

அந்தக் கூத்து நாளாந்தம் நடந்தது. காலமை தண்ணீர், "ஆஆ!" சாப்பாட்டுக்குத் தண்ணீர், "ஆஆ!" கூலிக்கு வந்த பெண்களுக்கும் கட்டளை, அவர்களும் குடித்து, "ஆஆ!" மகாதேவிக்குத்தான் பெரிய வருத்தம்.

"ஊரிலை ஒருத்தரும் பாலைக் குறைக்கச் சொல்லி நான் கேள்விப்படேல்லை. பசு என்ன நினைக்கும்?"

"பசு ஒண்டும் நினையாது அக்கா," என்றான் பிரகலாதன். "மிச்சப் பாலைத் தயிராக்கித் தாங்கோ, சோத்தோடை குழைச்சுக் குடுப்பம்."

தயிர் என்றதும் அவளுக்கு முகம் தெளிந்தது. அதோடு தன் வளவில் நின்ற பப்பாசியில் கொக்கத்தடி போட்டுப் பழுத்த பழமாகப் பிடுங்கி, விதை நீக்கி, கீலம் கீலமாக வெட்டிக்கொண்டு வந்தாள். முதல் இரண்டு மூன்று தரம் தாரிகா துப்பினாள். மகாதேவி கோபிக்கவில்லை. தானே பக்கத்தில் இருந்து, சாறு முழங்கையால் வழிய வழிய, பிள்ளைக்குக் காட்டிக் காட்டித் தின்றாள். கிழமை முடிவதற்குள் தாரிகா பப்பாசிக்காக வேலிப் பொட்டில் போய்க் காத்து நிற்கத் தொடங்கினாள். பால் குறைந்ததும் பசி எடுத்தது. கீரைச்சோறு உள்ளே போனது. தண்ணீர்தான் இன்னும் இல்லை.

ஒருநாள் மத்தியானம். பிரகலாதன் வெங்காயம் கிண்டின களையோடு வந்து விறாந்தையில் சாய்ந்திருந்தான். வேசம் போட அலுப்பாக இருந்தது. உண்மையான தாகம். செம்பைத் தூக்கி மடமடவென்று குடித்தான். "ஆஆ" என்று சொல்லவும் மறந்துபோனான். தண்ணீர் கழுத்தால் வழிந்து நெஞ்சில் ஓடியது.

தாரிகா அவன் மடியில் ஏறினாள். நெஞ்சில் ஓடின தண்ணீரை விரலால் தொட்டாள். பிறகு செம்பை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்து, முகத்தையே அதற்குள் விட்டாள்.

குடித்தாள். இருமினாள். திரும்பவும் குடித்தாள்.

பிரகலாதன் அசையவில்லை. மூச்சும் விடவில்லை. பிள்ளை முகத்தை எடுத்து, மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட, அவனைப் பார்த்து, "ஆஆ!" என்றாள்.

அதற்குப் பிறகும் ஒரு நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. பயம் என்பது தண்ணீர் குடித்த உடனே கரைகிற சாமானா? வயிறு இளகினாலும் சாக்குக்குப் பின்னால் போய் நிற்பது நிற்கவில்லை. ஆனால் இப்போது ஒருவரும் "முக்கு" என்று சொல்வதில்லை. போனால் போகட்டும், வந்தால் வரட்டும் என்று வெங்காயத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே அப்படி, உள்ளே எல்லோருக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. மிஸி இரண்டாம் முறை வந்து, வயிற்றைத் தடவிப் பார்த்து, "நல்ல இளக்கம். இனி அவளின்ரை நேரம் வரேக்கை வரும், அவசரப்படாதேங்கோ," என்றாள்.

அவளுடைய நேரம் ஒரு பின்னேரம் வந்தது.

பிரகலாதன் கடைசிப் பாத்தியைக் கிண்டிக்கொண்டிருந்தான். தாரிகா வரம்பில் இருந்து வெங்காயத் தாளைப் பிய்த்து விளையாடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது பிள்ளையைக் காணவில்லை. திடுக்கிட்டுத் தேடினான். இரண்டு பாத்தி தள்ளி, கிண்டிக் குவித்த தாளுக்கு நடுவே, உச்சிக் குடுமி மட்டும் தெரிந்தது. குந்தியிருந்தாள். கால் பின்னவில்லை. குதிக்கால் நிலத்தில் ஊன்றியிருந்தது. முகம் சிவக்கவில்லை. தனக்குள்ளே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் மண்வெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். அதே நேரம் மகாதேவி, "குஞ்சு, பப்பாசி..." என்று கூப்பிட்டுக்கொண்டு வரம்பால் வந்தாள். அவன் வாயில் விரலை வைத்துக் காட்டினான். அவள் கோப்பையோடு வரம்பில் அப்படியே நின்றுவிட்டாள். வீதியில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. நிரோஜா நீலக் கலனோடு வந்து படலையைத் திறந்தவள், இரண்டு பெரிய ஆட்கள் தோட்டத்துக்குள் வெருளிப் பொம்மை மாதிரி நிற்பதைக் கண்டு, விளங்கிக்கொண்டு, அவளும் படலையடியில் நின்றாள். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் கண்ணால் கதைத்துக்கொண்டார்கள்.

தாரிகா எழும்பினாள். குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மூன்று பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தப் பார்வையை மூன்று பேரும் அறிவார்கள்.

பிரகலாதன் வந்து பக்கத்தில் குந்தினான். "என்ன வடிவு!" என்றான். "என்ரை கெட்டிக்காரி! நொந்ததே?"

"இல்லை," என்றாள் தாரிகா.

மகாதேவி பிள்ளையைத் தூக்க ஓடிவந்தாள். வந்த அவதியில் பார்க்காமல் நேரே அதிலேயே காலை வைத்துவிட்டாள். செருப்பில்லாத கால். எல்லோரும் விறைத்துப்போனார்கள். அவளுடைய மூக்கு சுளியத் தொடங்கியது, வாய் திறந்தது, ஐம்பது வருசத்துச் சீச்சீ முழுக்கத் தொண்டை வரைக்கும் வந்தது. பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகாதேவி அதை அப்படியே விழுங்கினாள்.

"நல்ல பதம்," என்றாள்.

நிரோஜா சிரித்த சிரிப்பில் படலை ஆடியது. சிரித்தபடியே அழுதுகொண்டும் வந்தாள்.

கழுவுவதற்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்கள். பிரகலாதன் வாளியை விட்டுத் தண்ணீர் அள்ளி வைத்தான். தாரிகா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். கையை நீட்டினாள், திரும்ப இழுத்துக்கொண்டாள். தகப்பனிடம் திரும்பிக் கேட்டாள்.

"நல்ல தண்ணி?"

பிரகலாதன் கிணற்றைப் பார்த்தான். கிணற்றுக் கட்டில் தகப்பன் போட்ட சீமெந்தில் பதிந்த வருசம் அரைவாசி தேய்ந்து கிடந்தது. இதைச் சொல்ல நெஞ்சு வெடிக்கும் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தான். பிள்ளை மறுமொழிக்குக் காத்து நின்றாள், அவன் என்ன சொன்னாலும் நம்புவதற்கு.

"கழுவ நல்ல தண்ணி குஞ்சு," என்றான். "குடிக்க, அம்மா கொண்டுவாற தண்ணி."

சொல்லி முடித்த பிறகும் நெஞ்சு வெடிக்கவில்லை. கொஞ்சம் நொந்தது, அவ்வளவுதான்.

நிரோஜா அவனை ஒருதரம் பார்த்தாள். குந்தியிருந்து பிள்ளையைக் கழுவினாள். மகாதேவியின் காலையும் கழுவினாள். வாளி வெறுமையானது. பிரகலாதன் கயிற்றுக்குக் கையை நீட்ட, அவள் அதற்கு முந்தி எழும்பி, அந்த வளவுக்கு வாழ வந்த நாளிலிருந்து கிட்டவும் போகாத கிணற்றுக் கட்டில் வயிற்றை அணைத்துக்கொண்டு, வாளியைத் தானே உள்ளே விட்டாள்.

"விடும் நிரோ, நான் அள்ளுறன்."

"நீங்கள் பிள்ளையைப் பிடியுங்கோ," என்றாள் நிரோஜா. "கழுவுறதுக்கு உந்த நல்ல தண்ணி இன்னும் ஒரு வாளி வேணும்."